இருந்தும் இல்லை என்றேன்

என்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. இனிப் போடவும் மாட்டார்கள். அதனால் குற்றச்சாட்டை நானே எழுதிக்கொள்கிறேன். 2020 ஊரடங்கின்போது, என்னைப் போலவே ரத்தம் உறையாத நோயுள்ள ஒரு பையனுக்கு அவசரமாக மருந்து தேவைப்பட்டது. அந்த மருந்து என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அவன் அப்பா போனில் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

அந்த மருந்து என் வீட்டுக்கு வந்ததே பொய் சொல்லித்தான். முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியோடு நிறுத்தினால் என்மேல் இரக்கம் வந்துவிடும். நோயாளி, பயந்துபோயிருப்பான், விடு என்று தோன்றும். அந்த இரக்கத்தை வைத்தே வாழ்க்கையில் பல இடங்களில் தப்பித்திருக்கிறேன். இங்கே வேண்டாம்.

எனக்கு இருப்பது ஹீமோஃபிலியா ஏ. கடுமையான வகை. ரத்தம் உறைவதற்கு ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் புரதங்கள் உண்டு; ஃபேக்டர் என்பார்கள். அவற்றில் எட்டாவது, இயல்பான அளவில் நூற்றில் ஒரு பங்குகூட என் உடம்பில் கிடையாது. கேள்விப்படுகிறவர்கள் உடனே கத்தியையும் பிளேடையும் நினைத்துப் பயப்படுவார்கள். சிறு கீறலுக்கு நாங்கள் சாவதில்லை. எங்களுக்கு ரத்தம் உள்ளே கசியும். முட்டிக்குள், கணுக்காலுக்குள், முழங்கைக்குள். அடிபடக்கூட வேண்டாம். மூட்டுக்குள் தேங்கிய ரத்தம் குருத்தெலும்பை அரிக்கும். திரும்பத் திரும்ப ஒரே மூட்டில் கசிந்தால் அது மடங்காது, நிமிராது. என் வலது முட்டி இருபது வயதுக்கு முன்பே அப்படி ஆகிவிட்டது.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. கசிவு தொடங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. வீக்கம் இருக்காது, சூடு இருக்காது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. மூட்டுக்குள் ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். அது நோயாளிக்கு மட்டுமே தெரியும். அப்போதே ஃபேக்டர் மருந்தை ஏற்றிவிட்டால் மூட்டு பிழைக்கும். வீங்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் சேதம் நடந்து முடிந்திருக்கும். ஆகவே எங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் படிக்கும் முதல் பாடமே இதுதான்: நோயாளி 'ப்ளீட் ஆகுது' என்று சொன்னால் நம்பு. மருந்தை ஏற்று. சோதனையெல்லாம் அப்புறம்.

நோயாளியின் வாய்ச்சொல்லை இவ்வளவு மதிக்கும் வைத்தியம் வேறு எத்தனை இருக்கிறது? நான் திருடியது அந்த மதிப்பை. மருந்துக் குப்பிகள் அதற்கு அடுத்துத்தான்.

என் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் தம்பி சிறு வயதில் பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனார். குலதெய்வக் குற்றம் என்று சொல்லி ஆடு வெட்டினார்கள். எனக்கும் அதே நோய் என்று தெரிந்தபோது என் அம்மா அழவே இல்லை என்பார்கள்; முன்பே தெரிந்தவள் மாதிரி இருந்தாளாம். என் சிறுவயதில் ஃபேக்டர் எங்கள் பக்கம் கிடையாது. ஐஸ் கட்டியும் பத்தியமும்தான். முட்டி வீங்கினால் விடிய விடிய அம்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. வெளியே வாங்கினால் ஒரு குப்பியே ஆயிரக்கணக்கில் ஆகும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது கனவில்கூட நடக்காது.

மருந்தில்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பயந்தேன் என்பது உண்மை. அதே காரணத்தால், அந்தப் பையனுக்கு அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்பதும் மற்ற எவரையும்விட எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் அது ஒப்புதல் ஆகாது.

இன்னொன்றும் இருந்தது. நான் சாதாரண நோயாளி இல்லை. எங்கள் பகுதியில் இந்த நோயுள்ள குடும்பங்களுக்கு நான்தான் தொடர்பு ஆள். எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே மனுக் கொடுக்க வேண்டும், பள்ளியில் பையனை விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கக் கடிதம் எப்படி எழுத வேண்டும், எல்லாம் என்னிடம் கேட்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோஃபிலியாவும் ஒன்று என்பதை எத்தனையோ அலுவலக மேசைகளுக்கு முன்னால் நின்று விளக்கியிருக்கிறேன். எல்லாரும் 'அண்ணே' என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு அதிகமாகவே பிடித்திருந்தது.

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது. நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் நின்றது. மருந்து எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வரும் நோயாளிகள் அலைய வேண்டாம் என்று, நாங்கள் போகும் மருத்துவமனையில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தானே ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குக் குப்பிகளைக் கையில் கொடுத்தார்கள். ப்ளீட் ஆனால் வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். எந்த நாள், எந்த மூட்டு, எத்தனை யூனிட் என்று ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். காலிக் குப்பியை நிலைமை சீரானதும் கொண்டுவந்தால் போதும்.

எனக்கு ஊசி போடத் தெரியும். பொடியைக் கூடவே வரும் தண்ணீரில் கலந்து, குலுக்காமல் உருட்டிக் கரைத்து, பட்டர்ஃபிளை ஊசியால் ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். பலருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

எனக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டினால் போலீஸ்காரர்கள் கயிற்றை இறக்கி வழிவிடுவார்கள். மருத்துவமனைக்குப் போய் முட்டியைக் காட்டுவேன். அது எப்போதும் வீங்கித்தான் இருக்கும். பழைய சேதத்தின் வலியா புதிய கசிவா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது மருத்துவருக்கே சிரமம். நோயாளிக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தது, கசிவு இல்லை என்று. 'ப்ளீட் ஆகுது சார்' என்றேன். கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிறகு மறுபடியும் போனேன்.

தாளில் எழுதினேன். வலது முட்டி, காலை 6 மணி, 1000 யூனிட். நடக்காத கசிவுக்கு நேரம் எழுதும்போது கை நடுங்கவில்லை. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகவே இருந்தது. பொய்க் கணக்கு என்பதால் அடித்தல் திருத்தல் இல்லை.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் என்னிடம் ஆறு குப்பிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் 500 யூனிட். முட்டை வைக்கும் தட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினேன். ராத்திரி எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா தினம். உலகக் கூட்டமைப்பை 1963-இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெலின் பிறந்த நாள் அது. அவருக்கும் இதே நோய்தான். 1987-இல் எய்ட்ஸில் இறந்தார். அவரைப் பிழைக்கவைத்த ரத்தப் பொருள்தான் அந்தக் கிருமியையும் அவர் உடம்புக்குள் கொண்டுபோனது. ஆண்டுதோறும் கூட்டத்தில் இந்தக் கதையை உருக்கமாகச் சொல்வது என் வேலை. அந்த ஆண்டு கூட்டம் இல்லை. எல்லாரையும் போனில் ஒரே அழைப்பில் சேர்த்து, அதே கதையைச் சொன்னேன். முடிவில் ஒரு அறிவுரையும் சொன்னேன். 'பயந்துபோய் யாரும் தேவைக்கு மேல மருந்து வாங்கி வச்சுக்காதீங்க. நம்ம ஆளுங்க யாருக்கோ அது உயிரா இருக்கும்.'

ஆறு குப்பிகளும் அப்போது எனக்குப் பின்னால், நாலு அடி தூரத்தில், சமையலறையில் இருந்தன.

பையனின் அப்பாவும் அந்த அழைப்பில் இருந்தார். அவருக்கும் ஊசி போடத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்டிருந்தால் கையிருப்பாக இரண்டு குப்பி அவருக்கும் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. 'அண்ணன் வாங்கி வைக்காதீங்கன்னு சொன்னீங்களேன்னு விட்டுட்டேன்' என்று வெகுநாள் கழித்து அவரே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார்.

இனி அந்த ராத்திரி.

ஏப்ரல் கடைசி வாரம். வெயில் வீட்டுச் சுவரிலிருந்து இறங்காத நேரம். பையன் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆண்டு தேர்வே எழுதாமல் பத்தாம் வகுப்புக்குத் தேறிய பிள்ளைகளில் ஒருவன். பள்ளி இல்லை. ஊர்ப் பையன்கள் எல்லாம் கிணற்றில் குதிக்கிறார்கள். இவனும் குதித்திருக்கிறான். யார் அவனைக் குறைசொல்வது? அந்த வயதில் நானும் குதித்தவன்தான்.

போன் வந்தது. 'அண்ணே, பையன் காலை மடக்கியே வச்சிருக்கான்ணே. நீட்டச் சொன்னா கத்துறான். வலது பக்கம் அடிவயித்துல வலிங்கான்.'

அந்த மூன்று வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடுப்புக்கு உள்ளே ஒரு பெரிய தசை இருக்கிறது. முதுகெலும்பின் அடியிலிருந்து தொடைக்கு இறங்கும். அதற்குள் கசிந்தால் காலை மடக்கி வைத்தால்தான் வலி தாங்கும். வெளியே ஒரு சிவப்புகூடத் தெரியாது. உள்ளே ரத்தம் நிறையப் போய்விடும். தொடைக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. வீங்கிய தசை அதை நெரிக்கும். தெரியாதவர்கள் குடல்வால் வலி என்று நினைப்பார்கள். முட்டியில் கசிந்தால் மூட்டு போகும். இதில் ஆளே போகலாம். எங்கள் கூட்டங்களில் படம் போட்டு நானே இதை விளக்கியிருக்கிறேன்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் கணக்குப் போட்டது. கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் ஃபேக்டர் எட்டு நூற்றுக்கு இரண்டு கூடும். பையன் நாற்பது கிலோ. நூற்றுக்கு நாற்பது வரை கொண்டுபோக 800 யூனிட். இரண்டு குப்பி. அதோடு முடியாது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றியதில் பாதி கரைந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு கொடுத்தால் விடிந்ததும் இன்னும் இரண்டு கேட்பார். இந்தப் பெரிய கசிவுக்கு நாள்கணக்கில் மருந்து வேண்டும். ஆறும் போய்விடும். அப்புறம் எனக்கு?

இதுதான் நடந்தது. குழம்பினேன், தவித்தேன் என்றெல்லாம் இல்லை. கழித்துப் பார்த்தேன், மிச்சம் சுழியம் வந்தது.

'அண்ணே, உங்ககிட்ட மருந்து எதுவும் இருக்குமாண்ணே? கொடுத்தா நானே போட்டுருவேன்.'

'என்கிட்ட இல்லையே தம்பி. இருந்ததப் போட்டுட்டேன்.'

கொண்டுபோக வழியில்லை என்று சொல்ல முடியாது. பால் வண்டி தினமும் ஓடியது. ஓட்டுநர் எனக்குப் பழக்கமானவர். ஒரு தூக்குவாளியில் ஐஸ் போட்டு வைத்துக் கொடுத்திருந்தால் விடிவதற்குள் அந்த ஊருக்குப் போயிருக்கும். அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. என் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. பொய்யான ப்ளீட்டுக்கு என்னை மருத்துவமனைவரை கொண்டுபோன வண்டி, நிஜமான ப்ளீட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகாதா?

ஒரு வழியும் சொன்னேன். 'ஐஸ் வைங்க. அசைய விடாதீங்க. காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.'

காலையில் என்றேன். இப்போதே கிளம்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஹீமோஃபிலியா பற்றி ஒரு பக்கம் படித்தவன்கூட அதைத்தான் சொல்வான். ஏன் காலையில் என்றேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பேச்சைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றிருந்தது. வேறு காரணம் கிடைக்கவில்லை.

'சரிண்ணே. நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம்' என்று சொல்லிப் போனை வைத்தார்.

என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, 'ஏங்க, அந்த டப்பாவுல இருக்கே?' என்றாள்.

'அது எனக்கு.'

கொஞ்ச நேரம் நின்றாள். 'நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒரு பையன் பொறந்து, இப்படி யாராவது சொன்னா?'

ஹீமோஃபிலியா உள்ள அப்பாவுக்குப் பிறக்கும் மகள்கள் எல்லாருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். இதில் தப்பவே முடியாது. அப்படி ஒரு மகளுக்கு மகன் பிறந்தால் அவனுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு சரிபாதி. இதுவும் நான் கூட்டத்தில் விளக்கியதுதான். மனைவிக்குப் பதில் சொல்லவில்லை. டிவியில் சத்தத்தைக் கூட்டினேன். சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் மாலையில் வாசித்த அன்றைய எண்ணிக்கையை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இவ்வளவு பேருக்கு நோய், நான் ஒருவன் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர் ஊரில் ஒரு லோடு வேனைப் பேசிப் பையனைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனார். மருத்துவமனையில் பாதிக் கட்டடம் கொரோனா வார்டாக மாறியிருந்தது. முதலில் காய்ச்சல் சோதனை, பிறகு மூக்கில் சளி மாதிரி. வலப் பக்க அடிவயிற்று வலி என்றதும் பணியிலிருந்த இளம் மருத்துவர் குடல்வாலைச் சந்தேகித்தார். ரத்தம் உறையாத நோய் என்று அப்பா அட்டையைக் காட்டினார். ஃபேக்டர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருப்புத் தீர்ந்திருந்தது. கடைசிக் குப்பிகள் யாருக்குப் போயின என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துக்கொள்வதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

இந்த இடத்தில் இரண்டாவது குற்றம். எங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண் என்னிடம் இருந்தது. ஒரு போன் போட்டு, 'சார், அது குடல்வால் இல்ல, இடுப்புத் தசைக்குள்ள ப்ளீட்' என்று சொல்லியிருந்தால் அங்கே பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும். மருந்து எங்கே இருக்கிறது என்று அவர் தேடியாவது தந்திருப்பார். போடவில்லை. போட்டால், 'உங்ககிட்ட கொடுத்தது இருக்குமே, இப்போதைக்கு அதக் கொடுங்களேன்' என்று கேட்டுவிடுவார் என்ற பயம். ஒரு பொய்யைக் காப்பாற்ற அன்று பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா இருமுறை கூப்பிட்டார். முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதை எடுத்து, முயற்சி செய்கிறேன் என்றேன். எந்த முயற்சியும் செய்யவில்லை.

பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். மாவட்ட எல்லையில் நிறுத்தினார்கள், தாளைப் பார்த்தார்கள், விட்டார்கள். பையனுக்கு முதல் ஊசி ஏறியபோது, அவர் எனக்குப் போன் செய்து ஒரு முழு நாள் கடந்திருந்தது.

உயிர் பிழைத்தான். நரம்பு பிழைக்கவில்லை. தொடையின் முன்பக்கம் மரத்துப்போனது. முட்டியை நிமிர்த்திப் பிடிக்கும் தசை சூம்பத் தொடங்கியது. பிசியோதெரபி உடனே தொடங்கினால் ஓரளவு மீளலாம் என்றார்கள். வாரத்துக்குப் பலமுறை வர வேண்டும். பஸ் ஓடாத காலத்தில் எப்படி வருவது? வரமுடிந்தபோது காலம் கடந்திருந்தது. இப்போது அடி எடுத்து வைக்கும்போது வலது கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பிடிக்காவிட்டால் முட்டி மடிந்து விழுவான். விழுந்தால் மறுபடி கசியும்.

அவன் சைக்கிளில் பள்ளிக்குப் போனவன். அது முடிந்தது. பத்தாம் வகுப்போடு நின்றான். கடைவீதியில் ஒரு மொபைல் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருக்கிறான். வேன் வாடகைக்கும், வெளியூரில் மருத்துவமனை வராந்தாவில் தங்கிய செலவுக்கும் வீட்டு ஆடுகளை விற்றார்கள். அவன் அம்மா நூறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்; அவனைத் தூக்கி நிறுத்தி, குளிக்கவைத்து, பழக்கிவிடுவதற்காக நின்றுவிட்டாள். இத்தனையும் நான் மிச்சம் பிடித்த மருந்தின் விலை.

அந்த மருந்து என்ன ஆனது? மே மாதம் எனக்குக் கணுக்காலில் நிஜமாகவே கசிந்தது. இரண்டு குப்பியைப் போட்டுக்கொண்டேன். அதற்குள் மருத்துவமனைக்குப் புதிய இருப்பும் வந்துவிட்டது. ஒளித்து வைத்திருக்கவே வேண்டியதில்லை. மீதி நான்கை மறந்தேன். மறந்தேன் என்பதும் சரியில்லை. அந்த டப்பாவைப் பார்க்கப் பிடிக்காமல் பின்னுக்குத் தள்ளினேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது குப்பியில் அச்சிட்டிருந்த மாதம் தாண்டியிருந்தது. 2000 யூனிட். பழைய பேப்பரில் சுற்றிக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. காலிக் குப்பி எங்கே என்று மருத்துவமனையில் கேட்டபோது, ஊரடங்கில் குப்பையோடு போய்விட்டது என்றேன். நம்பினார்கள். நோயாளி சொன்னால் நம்புகிறவர்கள் அல்லவா?

அடுத்த ஆண்டு தொடர்பு ஆள் பொறுப்பிலிருந்து விலகினேன். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பையனின் அப்பாவும் வந்திருந்தார், கைதட்டினார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னது 2023-இல். மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னால் அது பாதிதான். என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவளைப் பற்றிய மரபணு விவரத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினார். சொல்லுங்கள், உண்மை சொன்னால் கெட்டுப்போகாது என்றார். அந்த மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். பிறகு அங்கே முறை மாறியது. பெரியவர்களுக்குக் குப்பியைக் கையில் கொடுப்பதை நிறுத்தினார்கள். ப்ளீட் என்று வருகிறவர்களை முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள், சில சமயம் ஸ்கேன் எடுத்துவிட்டுப் போடுகிறார்கள். இரண்டு பஸ் மாறி வருகிற ஒருவர், குறுகுறுப்பு தொடங்கிய அன்று விடியற்காலை வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர், இப்போது அரைநாள் கூலியை விட்டுவிட்டு மரப்பெஞ்சில் காத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் மூட்டு வீங்குகிறது. நான் பொய் சொன்னதற்கும் பிறர்தான் விலை கொடுத்தார்கள். நான் உண்மை சொன்னதற்கும் பிறர்தான் கொடுக்கிறார்கள். மருத்துவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பையனின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனில் சொன்னேன். அதிலும் கோழைத்தனம். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

'எத்தனை இருந்துச்சு?' என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

'ஆறு.'

'அன்னைக்கு ராத்திரியா?'

'ஆமா.'

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேச வேண்டிய கடமை அவருக்கு இல்லை. பையனிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் மூன்று பேரின் விஷயம். அதை உங்களிடம் கேட்க வரவில்லை. உங்களிடம் கேட்பது வேறு. இந்த நோயுள்ள பிள்ளையை வைத்திருப்பவராக நீங்கள் இருந்தால், உங்கள் பகுதியிலும் என்னைப் போல் ஓர் 'அண்ணன்' இருப்பார். நல்லவராகவே இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, உங்கள் வீட்டில் எத்தனை குப்பி இருக்கிறது, எந்த மாதம் காலாவதி என்று அவரைக் கேளுங்கள். அவருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கும். கேளுங்கள்.